மூன்றாவது பெட்டியும் ஊமை

மண்ணூர்பேட்டை, 1974

என் அன்பு மனைவிக்கு,

நலம். நீயும் பிள்ளையும் நலமா?

கச்சேரியில் நான் வாசிக்கும் ஆர்கனுக்கு மூன்றாவது ஆம்ப்ளிஃபயரும் வாங்கிவிட்டேன். முதல் பெட்டியின் கனத்துக்குக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றவே மாட்டான். அடுத்ததை ஒரு கையில் தூக்கலாம், பாட்டரியில் ஓடும், ஆனால் சத்தமே இல்லை. அதனால்தான் மைக் செட் நஜீர் பாயிடம் சொல்லி, பெரிய ஸ்பீக்கர் வைத்து இதைச் செய்து வாங்கினேன். இதுவும் ஊமை.

நேற்று சேக்காட்டுக் கல்யாணத்தில் முழுக்கத் திருகி வைத்து வாசித்தேன். பாய் ஓடி வந்து தோளை உலுக்கினார். "அண்ணாத்தே, எவ்ளோ நேரமா கத்திகினு கீறேன்! சவுண்டைக் கொற, பந்தில குந்திகினு கீறவங்கல்லாம் காதைப் பொத்திகினு எழுந்துட்டாங்க!"

அவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்தது. பந்தலில் அத்தனை இரைச்சல்.

பகலெல்லாம் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிற களைப்பு. வேறொன்றும் இல்லை.

ஒன்று கேட்கவேண்டும். போன ஞாயிறு உன் அம்மா வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அழவே மாட்டேன்கிறான், சமத்து" என்றேன். நீ ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய்? அவன் வாய் திறந்தேதான் இருந்தது. கொட்டாவி என்று நினைத்தேன்.

நேரில் சொல்லாதே. எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்