பலகையில் ஓர் எழுத்து

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

உன் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் நான் சண்டை போட்டதாக உன் பக்கத்து வீட்டுப் புஷ்பலதா சொல்லித் திரிகிறாளாம். சண்டை போடவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தினேன்.

காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் எஸ்டேட்டைக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறி வந்து, நீ மருந்து வாங்காமல் திரும்பிய அதே கதவுக்கு முன்னால் நின்றேன். பலகையில் ‘பாழ்வினை நோய்ப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. எங்கள் கான்வென்டில் இதற்குப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள்.

நான் பலகையையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு வாசலில் இருந்த ஆள், “ஏனுங்கம்மா, கண் டாக்டரு அந்தப் பக்கமுங்க” என்றான்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது சாமி. அது பால்வினை. பால்னா ஆண்பால், பெண்பால். பாழ்னா கெட்டுப்போனது. இங்க வர்றவங்கள்ல யாரு கெட்டுப்போனவங்க?”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, “அப்படியே பேரைச் சொல்லிக் கத்த வேண்டாம்னும் சொல்லுங்கம்மா” என்றாள். அதையும் சொன்னேன். பெரிய டாக்டரம்மா வெளியே வந்து கேட்கும்வரை நான் நகரவில்லை.

நேற்று அவரே போன் செய்தார். பலகை மாறிவிட்டது. இனி டோக்கன் எண்ணைத்தான் கூப்பிடுவார்களாம்.

வெட்கப்பட வேண்டியவன் என் மகன். அவன் தன் பங்கு மருந்தை வாங்கி விழுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நாளைக்கு நீ தலை நிமிர்ந்து போ. போனில் ‘சரிங்க அத்தை’ என்று சொல்லிவிடுவாய். எனக்கு அது போதாது. மருந்து வாங்கியதும் இரண்டு வரி எழுதித் தபாலில் போடு.

உன் அத்தை