இரண்டு வாடாமல்லி கவுன்

செப். 22, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காற்றில் ஈரமே இல்லை. டயரி போன வருஷத்தது, கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன். ஊர் முழுக்க டயரி அச்சடிக்கிறார்கள், நமக்குக் கிடைப்பது பழசுதான்.

தைக்க வேண்டியவை:
டீச்சர் ஜாக்கெட், கை நீளம்.
எதிர்வீட்டுச் சேலைகளுக்கு ஃபால்ஸ்.
பாண்டியம்மாள் அக்கா மகள் சுடிதார், இடுப்புப் பிடிக்கணும். (அவள் இளைக்கவில்லை, அளவு கொடுத்தபோது மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள்.)
ஜெயா கவுன், என் கவுன். நம் வீட்டுத் துணி கடைசியில்தான்.

தங்கச்சி ஜெயாவுக்கு இருபத்தொன்று ஆகிறது. பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். ஆசை மட்டும் எட்டு வயசுப் பிள்ளை ஆசை. "சுத்துனா குடை மாதிரி விரியணும். நீயும் அதே துணியில போடணும். ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு அதத்தான் போட்டுட்டுப் போவேன்."

எனக்கு இருபத்தெட்டு. இந்த வயசில் குடைக் கவுன். சரி என்று சொல்லிவிட்டேன். மறுத்திருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அதைவிடத் தைப்பது லேசு.

செப். 25, வியாழன்

சிவகாசி போய்த் துணி எடுத்தேன். வாடாமல்லி நிறம், வெள்ளைப் புள்ளி. கடைக்காரர், "யாருக்கும்மா, பிள்ளைகளுக்கா?" "ஆமாண்ணே, ரெண்டு பொம்பளப் பிள்ளைக." பொய் இல்லை.

கடை வாசலிலேயே நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். சாம்பலாக உதிர்ந்தது. காட்டன்தான். நைலான் கலந்திருந்தால் உருகி மணி மாதிரி உருண்டிருக்கும். ஆறு வருஷம் அதே கம்பெனியில் இருந்தவள், மருந்து வாடைக்குத் தலைவலி தாங்காமல் வெளியே வந்தேன். நூலைக் கொளுத்தும் பழக்கம் மட்டும் போகவில்லை. மருந்து ரூமுக்குள் காட்டன் தவிர வேறு துணி ஆகாது. நைலான் உரசினால் பொறி வரும்.

மாலையில் வெட்டினேன். குடை வெட்டு துணியைத் தின்கிறது. சின்ன வயசில் ஒரே துண்டுத் துணியில் எங்கள் இரண்டு பேருக்கும் தைப்பார்கள். சுருக்கு வைக்கத் துணி பற்றாது. இரண்டு பேரும் சாக்குக்குள் நுழைந்த மாதிரி இருப்போம்.

செப். 28, ஞாயிறு

ஜெயா போட்டுப் பார்த்தாள். பாவாடை விரியவே இல்லை.

"என்னக்கா, நனைஞ்ச கோழி மாதிரி தொங்குது."

"உள்ள வலை வச்சாத்தான் நிக்கும். அது நைலான்."

அவள் முகம் விழுந்துவிட்டது. அம்மா அடுப்படியில் இருந்து, "நைலானா? கம்பெனிக்கா?" என்றாள். நான்தான் சொன்னேன்: "பூஜையன்னைக்கு வேலை கிடையாதும்மா. ரூமைக் கழுவிச் சந்தனம் வச்சிருப்பாக. கும்பிட்டுட்டுப் பொரிய வாங்கிட்டு வரப்போறா."

அது உண்மைதான். நான் இருந்த காலத்தில் எல்லாம் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் கேட்டில் துணியைப் பார்க்க மாட்டார்கள். பட்டுச் சேலை, பளபளா சேலை எல்லாம் உள்ளே போகும்.

செப். 30, செவ்வாய்

முடிந்தது. இரண்டும். வலை இடுப்பில் குத்தாமல் உள்ளே காட்டன் பட்டை கொடுத்திருக்கிறேன். கழுத்துக்கு வெள்ளை பைப்பிங். என் தையலை நானே மெச்சிக்கொள்வதில்லை, இன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.

இரண்டு பேரும் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினோம். பாண்டியம்மாள் அக்கா தண்ணிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். "ஏ புள்ள, ரெண்டு பேரும் சப்பரத்துக் குடை மாதிரில்ல இருக்கீக." ஜெயா நடுத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்தேன்.

அக். 1, புதன், காலை

ஜெயா வேனில் ஏறியாச்சு. பாவாடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள், பக்கத்தில் உட்காரப் போனவள் திட்டினாள். நானும் அதே கவுனில்தான் இருக்கிறேன். மிஷினுக்குப் பொட்டு வைக்கணும். வெல்லம் வாங்கணும். கதம்பம் கொண்டு வருபவள் இன்னும் வரவில்லை.

அக். 2, வியாழன்

நேற்று நடந்தது. எழுதாவிட்டால் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும்.

மிஷினுக்குச் சூடம் காட்டி முடித்த நேரம், முதல் வேனில் பாண்டியம்மாள் அக்கா திரும்பி வந்தாள். அவளுக்கும் அதே கம்பெனி. பொரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள்.

"உன் தங்கச்சி வரலை. பூச்சட்டி லோடு பாக்கியாம். பூஜை முடிஞ்சதும் அவ ரூம்ல நாலு பேரை மட்டும் நிப்பாட்டிட்டாக."

"துணி?"

"போர்மேன் கேட்டாரு. காட்டன், எங்கக்கா தச்சதுன்னு சொன்னா. நீ தச்சதுன்னா அப்புறம் என்ன, சரின்னுட்டாரு."

உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய காட்டன் சுடிதாரைப் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நான் என்ன போட்டிருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "எங்கன போற? இந்த உடுப்போட உள்ள விட மாட்டேன்."

"பூஜைக்கு விட்டீகளே!"

"அது பூஜைக்கு. இப்ப மருந்து வெளிய எடுத்தாச்சு."

என் பாவாடையைத் தூக்கி வலையைக் காட்டினேன். ஆட்டோக்காரர் பார்த்தார், ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். "இதே வலைய உள்ள ஒருத்தி போட்டுருக்காண்ணே. இதே துணி. பூச்சட்டி ரூம்ல."

அவர் பெல்லை அடிக்க ஓடினார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஜெயா, ஜெயா என்று கத்தினேன். தொண்டை இன்னும் வலிக்கிறது.

மூன்று பொம்பளைகள் வந்தார்கள். ஜெயா இல்லை. அதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு வந்தாள். பாவாடையைக் காலில் படாமல் இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து.

போர்மேன் எல்லார் முன்னாலும் ஜெயாவை வைதார். சீசன் முடிகிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே என்றார். ரூமைப் பூட்டிவிட்டார்கள். மற்ற மூன்று பேருக்கும் வேலை போச்சே என்று கோபம். ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "ஒண்ணும் ஆகலைல்ல. அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டா."

ஜெயா சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் துணி மாற்றினாள். வீடு வரும் வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

அக். 4, சனி

ஜெயா பேசவில்லை. சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், டிவியில் படம் ஓடாவிட்டாலும் பார்க்கிறாள்.

அம்மா: "நீ கேட்டுல அம்புட்டுச் சத்தம் போட்டிருக்க வேணாம். பதவிசா சொல்லியிருக்கலாம்."

"பதவிசா சொல்லியிருந்தா சாயந்தரம் நீ சத்தம் போட்டிருப்ப" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

டீச்சர் ஜாக்கெட் முடிந்தது. இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன். பிரிக்கணும்.

பாண்டியம்மாள் அக்கா வந்தாள். போர்மேன் எல்லாரிடமும் சொல்கிறாராம், உட்கார்ந்து அடைக்கிற வேலையில் என்ன ஆகிவிடப் போகிறது, அவள் அக்காதான் பெரிசாக்கிவிட்டாள் என்று. எனக்கும் அதுதான் உறுத்துகிறது. ஒன்றும் ஆகியிருக்காதோ? தங்கச்சி மானத்தை நான்தான் வாங்கிவிட்டேனோ?

அக். 6, திங்கள்

மழை. இந்த வருஷம் இதுதான் நல்ல மழை.

கம்பெனியில் இருந்து ஆள் வந்தது. தீபாவளி நெருங்கிவிட்டது, ஆள் பற்றவில்லை, புதன்கிழமை ஜெயா வரட்டுமாம். வராதே என்று சொன்ன வாய்தான். அம்மா சாமி படத்துக்கு விளக்குப் போட்டாள்.

"போகாத ஜெயா. இங்கன இருந்து ஜாக்கெட்டுக்கு ஊக்குக் கட்டிக் குடு, போதும்."

"போகாம?" என்றாள். ஐந்து நாள் கழித்துப் பேசிய ஒரே வார்த்தை. அவள் சம்பளம் இல்லாமல் எப்படி? தீபாவளி தாண்டினால் என்னிடம் யார் ஜாக்கெட் கொடுப்பார்கள்?

அக். 7, செவ்வாய்

காலையில் இருந்து தூறல். கரண்ட் போய்ப் போய் வருகிறது.

மத்தியானம் அவள் கவுனில் இருந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் எழுந்து போய்விடுவாளோ என்று பயம்.

"ஏன் காட்டன்னு சொன்னேன் தெரியுமாக்கா? சுத்தி அம்புட்டு ஆம்பளைக. பாவாடையத் தூக்கியா காமிக்கிறது? வாய் தன்னால சொல்லிருச்சு."

"ம்."

"நீ வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உக்காந்து கொஞ்ச நேரத்துல வலை கால்ல ஒட்டுச்சு. காலை நகட்டுனேன், பட்டு பட்டுன்னு சத்தம். லேசாத்தான். எனக்கு மட்டும் கேட்டுச்சு. பக்கத்துல தட்டு நிறைய மருந்து. எந்திரிச்சா உரசும். அப்பிடியே இருந்தேன். ஏன்டி கை ஓடலைன்னு கேட்டாக, கால் மரத்துப்போச்சுன்னு சொன்னேன்."

"அவுக கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா பயந்துபோய் மூணு பேரும் என்னத் தள்ளிட்டு ஓடுவாக." வலையை மடித்தாள். "பெல் அடிக்கவும் அவுக எந்திரிச்சுப் போனாக. அவுக கேட்டைத் தாண்டுற நேரம் வரைக்கும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறந்தான் எந்திரிச்சேன்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. "விடு, துணி கசங்குது" என்றாள்.

நாளைக்குப் போகாதே என்று திரும்பச் சொன்னேன். ஏழு மணிக்கு வேன் வந்துவிடும், நேரத்தோடு எழுப்பு என்கிறாள். வேலைக்குப் போடும் காட்டன் சுடிதார் இன்னும் காயவில்லை.