அதிகாரி வருமுன் கழுவிய கீரை

நைனா,

இன்று காலை தண்டையார்பேட்டைக் கடையில் மூட்டையைப் பிரித்ததும் அழுகிய கீரை வாடை குப்பென்று அடித்தது. அனுப்பியவனை போனில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு உட்கார்ந்தால், உன் நினைவு வந்துவிட்டது. உன் மாத்தூர்த் தோட்டத்திலிருந்து எத்தனை வருஷம் கீரை எடுத்திருப்பேன்! ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. "கீரைய கழுவாம குடுக்கறதும் மூஞ்ச கழுவாம கடைக்கு வர்றதும் ஒண்ணு பாய்" என்பாய், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அந்தக் குணம்தான் உன்னைக் கவிழ்த்தது. புயல் மழையில் தோட்டம் மூழ்கி, தண்ணீர் வடிந்தபோது பாதிக் கீரை வேரோடு அழுகிக் கிடந்தது. பயிர்ச் சேதத்துக்கு அரசாங்கம் நிவாரணம் தரும், அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுதுவார் என்றார்கள். உடனே விதை வாங்கி விதைக்காவிட்டால் நிலத்துக்காரர் குத்தகையை முறித்து, கன்டெய்னர் லாரி நிறுத்த இடத்தை விட்டுவிடுவார். நிவாரணம் ஒன்றைத்தான் நீ நம்பியிருந்தாய். அதனால் அதிகாரி வரும் அன்று கடையை மூடிவிட்டு நானும் வந்தேன்.

வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீயும் உன் மனைவியும் அழுகியதையெல்லாம் பிடுங்கிக் குழியில் கொட்டி, மண்ணைச் சமன் செய்து, மிச்சக் கீரையைச் சேறு போகக் கழுவி விட்டிருந்தீர்கள். தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"இன்னா நைனா பண்ணி வெச்சிக்கீற?"

"ஆபீசர் வர்றாரு பாய். வூட்டுக்கு ஒருத்தர் வர்றப்போ கலீஜா வெச்சிக்கினு இருப்பியா நீ?"

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, சேதம் எங்க?" அவரைக் குழிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூக்கைப் பொத்தியபடி, "நிலத்துல இருக்கறதைத்தான் எழுத முடியும். குழியில கெடக்கறது யாரோடதுன்னு எழுதறது?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. போகும்போது அவர் கையில் ஒரு கட்டு முளைக்கீரை வேறு கொடுத்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னைத் தூக்கி அதே குழியில் போட்டிருப்பேன்.

பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நிவாரணம் வந்தது. அவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் விதை கொண்டுவந்து உன் பாத்தியில் தூவினார்கள். குத்தகை தப்பியது. நீ அசடு வழியச் சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய். உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு தோட்டத்தை உன் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் மறுபடி தண்ணீர் நின்றது, மறுபடி அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். முந்தின நாளே போய், "தங்கச்சி, ஒண்ணுத்தையும் தொடாதே, அப்டியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவளும் தொடவில்லை. வந்தவர் பார்த்து, "எல்லாம் போச்சேம்மா" என்று எழுதிக்கொண்டார். நிவாரணம் வந்துவிடும், நிலமும் கையில் நிற்கும். ஆனால் அவர் இருந்த நேரம் முழுக்க அவள் தலை நிமிரவில்லை. "அவரு இருந்திருந்தா இத்த இப்டி வுட்டிருப்பாரா அண்ணே?" என்றாள்.

அதிகாரியின் ஜீப் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். கல்லாவில் உட்கார்ந்தே பழகிய உடம்பு, இடுப்பு இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும், நைனா.