மஞ்சள் அடி ஷூவும் பாப்பாவின் காலும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? மாமா மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை ஜன்னல் வழியே எறிகிறாரா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இந்தக் கிடங்கே என் கையசைவில்தான் ஓடுகிறது.

உன் பாப்பா மேட்ச் ஆடக் கேட்ட பழைய மாடல் கூடைப்பந்து ஷூவைப் பார்க்கப் போனேன். என்னை ஏமாற்ற இனிமேல் ஒருவன் பிறந்துதான் வரவேண்டும். புது ஷூவாம், ஆனால் அடிப்பாகம் மஞ்சளாய்ப் பழுப்பேறிக் கிடக்கிறது. முகர்ந்தேன், முறுக்கினேன், மாட்டிக்கொண்டு கூரையைத் தொடக் குதித்தேன். கடையே கைதட்டியது.

“பழசைத் துடைச்சு விக்கிறியா தம்பி?” என்றேன்.

“பழசு மாதிரி தெரியணும்னே அப்படிச் செய்றாங்கண்ணே. ஊர் சுத்த நல்லாருக்கும். மேட்ச் ஆடக் கனம். வேற பாருங்க.”

வாங்காதே என்கிற கடைக்காரனை எப்படி நம்புவது? இருந்தாலும் பாப்பா கால் பிசகினால் யார் பதில் சொல்வது? வேறு ஷூவே எடுக்கச் சொன்னேன்.

“என்ன சைஸ்ணே?”

என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நான் ஊரைவிட்டுப் புறப்படும்போது அவள் கால் அவ்வளவுதான்.

“பொண்ணு என்ன படிக்குது?”

“பத்தாவது.”

அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

அதனால் பாப்பாவைத் தாள்மேல் நிறுத்தி, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. பென்சிலைச் சாய்க்காதே, அளவு தப்பும். கூடவே உன் காலையும் மாமா காலையும் வரைந்துவிடு. ஏன் என்று கேட்காதே, என் அறைச் சுவர் சும்மாதான் கிடக்கிறது.

லாரி ஹாரன் அடிக்கிறது. நான் போகாமல் ஒரு பெட்டி நகராது.

உன் தம்பி