ஜெனீவாவில் தங்கிவிட்டவன்

மயிலாப்பூர்
14 ஜூன் 2024

மதிப்பிற்குரிய திரு. மதிவாணன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் நீரஜா. உங்கள் மகன் சேரனுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சர்வதேச உறவுகள் பாடம் நடத்தியவள். உலக அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்று நேரில் பார்க்க வகுப்பை ஜெனீவாவுக்கு அழைத்துப் போனதும் நான்தான். பத்தொன்பது பேரோடு போனேன். பதினெட்டுப் பேரோடு திரும்பினேன்.

போலீசார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் என் கைப்பையில்தான் இருந்தன. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் சேரன் வந்து, "சிம் கார்டு வாங்கணும் மேடம், பாஸ்போர்ட் கேக்குறாங்க" என்றான். நாளைக்கு ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு சிம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அறையில் கட்டில்மேல் ஒரு தாள் இருந்தது. "என்னைத் தேடாதீங்க மேடம். மன்னிச்சிடுங்க."

விசாரணை முடியும்வரை உங்களை நேரில் பார்க்கவோ போனில் பேசவோ கூடாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவனிடமிருந்து ஏதாவது செய்தி வந்ததா? உயிரோடு, நலமாக இருக்கிறான் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
நீரஜா


சிந்தாதிரிப்பேட்டை
22 ஜூன் 2024

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

மதிவாணன் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கடை விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். வீடு கூவம் ஓரத்தில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு எங்கள் எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். கடை மட்டும் இங்கேயே இருக்கிறது. சேரனின் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை மேடம். போலீஸ் வந்து, "உன் புள்ள எங்கய்யா?" என்று கேட்டார்கள். "எனக்கு இன்னா சார் தெரியும்? கூட்டிக்கினு போனவங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, அப்படிச் சொன்னது உறுத்துகிறது.

அங்கே அவன் சரியாகச் சாப்பிட்டானா? யாரோடாவது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தானா? ஞாபகம் இருப்பதை எழுதுங்கள்.

தங்கள்,
மதிவாணன்


மயிலாப்பூர்
7 ஜூலை 2024

அன்புள்ள மதிவாணன் அவர்களுக்கு,

சாப்பிட்டான். முதல் இரண்டு நாள் ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டான். மூன்றாம் நாள் எங்கேயோ அலைந்து அரிசியும் தயிரும் வாங்கிவந்து, விடுதிச் சமையலறையில் பத்தொன்பது பேருக்கும் சோறு வடித்தான். எனக்குத்தான் முதல் தட்டு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அலுவலகத்தில் ஓர் அதிகாரி ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கேள்வி உண்டா என்றார். சேரன் எழுந்து நின்றான். முதலாளியும் இல்லாமல் கூலியாளும் இல்லாமல் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு உங்கள் ஒப்பந்தங்களில் எந்தப் பக்கத்தில் இடம் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவர் கேள்வியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. அவன் உங்களைப் பற்றித்தான் கேட்டான் என்பது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

இங்கே நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் தனியாக இருப்பவள். மணவாழ்க்கை பதினோரு வருடத்துக்கு முன்பே முடிந்துபோனது. போன ஞாயிற்றுக்கிழமை, மாலையில் லஸ் முனையில் மாம்பழம் விலை கேட்டபோதுதான் அன்று முதல்முறையாக என் குரல் எனக்கே கேட்டது. இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அவனுக்காகக் காத்திருப்பது நாம் இரண்டு பேர்தானே.

அன்புடன்,
நீரஜா


சிந்தாதிரிப்பேட்டை
20 அக்டோபர் 2024

அன்புள்ள மேடம் அவர்களுக்கு,

நீங்கள் மாதம் தவறாமல் எழுதுகிறீர்கள். எனக்குத்தான் பேனா ஓடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் கேட்ட கேள்வியைப் பற்றி நீங்கள் எழுதியதை வலியுல்லா பாய்க்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். திரும்பவும் ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அன்றைக்கும் கடையைத் திறந்துவிடுகிறேன். "இன்னாத்துக்கு நைனா லீவு நாள்ல வந்து குந்திக்கினு கீற?" என்று பாய் திட்டுகிறார். ஏழாவது மாடி வீட்டில் உட்கார்ந்து எதிர் பிளாக்கில் காயும் துணியை எவ்வளவு நேரம் பார்ப்பது?

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம். காலையில் எட்டு மணிக்குத்தான் விடிகிறதாம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வீட்டில் ஃபேன், மிக்ஸி எது நின்றாலும் கொடுத்தனுப்புங்கள். நான் பார்த்துத் தருகிறேன்.

தங்கள்,
மதிவாணன்


மயிலாப்பூர்
12 டிசம்பர் 2024

அன்புள்ள மதிவாணன் அவர்களுக்கு,

வரும் ஆண்டின் ஜெனீவாப் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். இனி எந்த ஆண்டும் கிடையாது என்று பேச்சு. இஃப்ரா என்று ஒரு மாணவி, அகதிகள் பற்றிய தன் கட்டுரையை அங்கே வாசிக்க ஒரு வருடமாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குச் செய்தியைச் சொன்னேன். "பரவாயில்ல மேம்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் தெரிந்தேதான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், சேரன் தங்குவதற்கு நானே வழி செய்தேன் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி 6ஆம் தேதி கடைசி விசாரணை. அவன் தானாகத் திட்டமிட்டான் என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால் அதை எழுத்தில் தரலாம் என்கிறார்கள். எட்டு மணிக்குத்தான் விடிகிறதாம் என்று எழுதியிருந்தீர்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் அன்று வாருங்கள். இரண்டு வரி போதும்.

அன்புடன்,
நீரஜா


சிந்தாதிரிப்பேட்டை
10 ஜனவரி 2025

மேடம் அவர்களுக்கு,

ஆறாம் தேதி வந்தேன். பல்கலைக்கழக கேட் வரைக்கும் வந்தேன். எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் மதியம் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு 5 இ வந்ததும் ஏறிவிட்டேன்.

சேரன் காணாமல் போன மூன்றாம் நாளே எனக்கு போன் செய்தான். வாராவாரம் பேசுகிறான். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். ஊர் பெயரை எழுத மாட்டேன். இது மட்டும் இல்லை. கிளம்புகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் நான்தான் சொன்னேன்: "இங்க இன்னாடா கீது உனக்கு? என்னை மாதிரி கம்பியைச் சுத்திக்கினு கெடக்கப் போறியா? அங்கயே எப்டினா இருந்துடு." அவன், "நீ தனியா இன்னா பண்ணுவ நைனா?" என்றான். "என் கதைய நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன்.

முதல் கடிதத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவனைப் பிடித்துவிடுவார்கள் என்று பயம். அப்புறம், உண்மையைச் சொன்னால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள் என்றும் பயம். வேறு யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

மதிவாணன்


மயிலாப்பூர்
3 பிப்ரவரி 2025

திரு. மதிவாணன் அவர்களுக்கு,

என் அலட்சியம் என்று முடிவாகிவிட்டது. துறையிலிருந்து மாற்றி, தொலைதூரக் கல்விப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இனி வகுப்பு கிடையாது. பாடப் புத்தகங்களில் பிழை திருத்தும் வேலை.

உங்கள் கடிதத்தை மேல்முறையீட்டோடு வைத்தால் நிலைமை மாறலாம். வைக்கப்போவதில்லை. அது உங்களுக்காக இல்லை. அவன் என் மாணவன்.

அவனைத் தங்கச் சொன்னதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தகப்பன் அப்படிச் சொல்வார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஊரில் என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் தவிக்கிறவர் இன்னொருவர் இருக்கிறார் என்று நம்பி ஏழு மாதத்தை ஓட்டினேன். அப்படி யாரும் இருக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

நீரஜா


சிந்தாதிரிப்பேட்டை
30 மார்ச் 2025

மேடம் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும்.

பிப்ரவரி 20ஆம் தேதி பல்கலைக்கழகப் பதிவாளர் ஆபீசுக்குப் போனேன். அவனைத் தங்கச் சொன்னது நான், மேடத்துக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்தவர், "விசாரணைதான் முடிஞ்சிபோச்சே பெரியவரே" என்றார். "பரவால்ல சார், ஃபைல்ல வெச்சிருங்க" என்றேன். அவர்கள் சீல் போட்டுத் தந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்கு உதவினால் சரி.

அந்த வாரம் சேரன் பேசியபோது அவனிடம் சொன்னேன். "என்னைக் காட்டிக் குடுத்துட்டியா நைனா?" என்றான். "உன் ஊர் பேரு எழுதல, நம்பரும் எழுதல" என்றேன். போனை வைத்துவிட்டான்.

ஐந்து வாரம் ஆகிறது. அவன் கூப்பிடவில்லை. நான் போட்டால் வேறு பாஷையில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள். பாயின் மகள் போனை வாங்கிக் கேட்டுவிட்டு, அந்த நம்பரே இப்போது கிடையாதாம் என்றாள்.

அவன் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, எனக்கு இப்போது நிஜமாகவே ஒன்றும் தெரியாது மேடம். இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உங்களைத் தவிர ஆள் இல்லை.

பதில் போட வேண்டாம்.

மதிவாணன்