கேதீஸ்வரன் என்ற பெயரில்

சிவமயம்
இணுவில்
18.07.1986

அன்புள்ள பரமலிங்கம் அண்ணைக்கு, தங்கை மகாதேவி எழுதுவது.

இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்கு வருகிற சிமியோன் மாஸ்டர் உங்கள் கையிலேயே தருவார். வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

கேதீஸ் தெற்கில் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான், பெயர்ப்பட்டியலைக் கண்ணால் கண்டேன் என்று நீங்கள் எழுதியது கிடைத்தது. அண்ணை, என் பிள்ளை பங்குனியிலேயே போய்விட்டான். இயக்கப் பெடியள் உடலைக் கொண்டுவந்து தந்தார்கள். முகம் பழுதில்லை. நானே தலைக்கு எண்ணெய் வைத்தேன். கீரிமலையில் சாம்பல் கரைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் உங்களுக்கு அறிவிக்கவில்லை. மரணத்தைப் பதியவும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முகாமிலிருந்து அவன் பெயரில் வந்ததென்று நீங்கள் சேர்த்தனுப்பிய கடிதம் அவனுடைய கையெழுத்தில் இல்லை. ஆனால் அதில், "அம்மா, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை நான் வைச்ச தோடம்பழக் கன்று தளிர்த்திட்டுதோ?" என்று கேட்டிருந்தது. அப்படி ஒரு கன்றை நான் அறியேன். போய்ப் பார்த்தேன். பூசணிக்கொடி மூடிக் கிடந்த இடத்தில், முழங்கால் உயரத்தில் நிற்கிறது. செத்த பிள்ளை எனக்குச் சொல்லாமல் வைத்ததை, நான் முகம் காணாத ஒருவன் எனக்குச் சொல்லுகிறான்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். கேதீசோடு ஒன்றாகக் காவலுக்கு நின்ற பையனாக இருக்கவேண்டும். நின்ற நேரமெல்லாம் கேதீஸ் எங்கள் வீட்டுக் கதை சொல்லியிருப்பான். அந்தப் பையனின் வீடு ஆமிக்காரர் நடமாடும் பக்கமாக்கும். வீட்டாருக்கு ஆபத்து வரக்கூடாதென்று, பிடிபட்டபோது செத்தவனின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

சட்டத்தரணி மரியரட்ணம் ஐயா சொன்னதாக நீங்கள் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். இது யுத்தமென்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளாதபடியால், பிடிபட்டவன் யுத்தக் கைதியும் இல்லையாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், பொலிஸ் மேலதிகாரிக்குக் கொடுத்த வாக்குமூலமே தண்டிக்கப் போதுமாம். பிடிபட்ட நாளில் பதினாறு வயது நிறையவில்லை என்று காட்டினால் மட்டும், சிறுவர் சட்டத்தைச் சொல்லி வாதாடிப் பார்க்கலாமாம். அதற்குத்தானே பிறப்புப் பத்திரமும், இவன் என் மகன் என்ற சத்தியக் கடதாசியும் கேட்கிறார்.

உங்கள் மச்சான் சம்மதிக்கவில்லை. "என்ரை பிள்ளை செத்தவன் எண்டு சொல்லவும் எனக்கு உரிமை இல்லையோ? உவன் ஆரெண்டு தெரியுமோ? என்ன செய்தவன் எண்டு தெரியுமோ?" என்று கத்தினார். "தெரியாது. ஆரோ ஒருத்தி பெத்த பிள்ளை" என்றேன். மூன்றாம் நாள் தானே பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

நேற்று யாழ்ப்பாணத்தில், எங்களை அறியாத ஒரு சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன். "மகன் உயிரோடை இருக்கிறார், அது பெரிய காரியம் பிள்ளை" என்றார் அவர். ஓம் என்றேன். அந்தக் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

மரியரட்ணம் ஐயாவுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள். அவர் நீதிமன்றத்தில் நிற்கிற மனிதர். பொய் என்னோடு நிற்கட்டும். மற்றக் கடிதத்தை முகாமுக்குச் சேருங்கள். அவர்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறேன். அந்தப் பையனைப் பெற்றவளின் ஊரையும் அதில் மறைத்துத்தான் கேட்டிருக்கிறேன்.

தங்கை,
மகாதேவி


இணுவில்
18.07.1986

என் அன்பு மகன் கேதீசுக்கு, அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. எழுத்து நன்றாக மாறிப்போயிருக்கிறது. கை நோகிறதோ? கன்று தளிர்த்து நிற்கிறது. ஐயா தண்ணீர் ஊற்றுகிறார்.

அங்கே உன் வயதைக் கேட்பார்கள். நீ சின்னனிலிருந்தே எல்லாவற்றையும் மறக்கிற பிள்ளை என்பதால் எழுதுகிறேன். 1970ஆம் ஆண்டு, ஒக்ரோபர் இருபத்தாறாம் திகதி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிறந்தாய். உன்னைப் பெற்ற ஐயாவின் பெயர் நமசிவாயம். உனக்குப் பதினைந்து வயது. எத்தனை பேர் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், பதினைந்துதான்.

தந்ததைச் சாப்பிடு. அங்கே உன்னிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து இரு.

இன்னொரு காரியம். உன்னோடு திரிந்த சிநேகிதனின் தாய்க்கு நான் ஒரு செய்தி சொல்லவேண்டும். அவவின் ஊர் எனக்குத் தெரியாது. எழுத வேண்டாம். பரமலிங்கம் மாமா பார்க்க வந்தால், வாயால் அவருக்குச் சொல்லு. பாதை திறந்ததும் நானே போவேன். எனக்கென்றால் பிள்ளை வருவானோ என்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை இல்லை. என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது.

கந்தசுவாமியார் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், மகனே.

உன்
அம்மா