காபன் மூடியில் நான்கு ஓட்டைகள்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் ரெசின் பசை வாடை போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்கிறார் அம்மா. வருகிறதே, என்ன செய்ய?

உன் தங்கச்சி காரை என் கராஜில் கொண்டுவந்து விட்டு ஐந்து நாளாகிறது. நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் அது உங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால் தறப்பாள் போட்டு மூடிக் கிடந்தது. இந்த ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கு நடக்கும் மலையேற்றப் போட்டியில் அவள் ஓட்டப் போகிறாள். பெயரும் கொடுத்துவிட்டாள். டிக்கி மூடிமேல் இறக்கை மாதிரி நிற்கும் விங்கைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் வீட்டில் யார் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள்? "அண்ணன் ஆசப்பட்டு மாட்டுனது, அதோடதான் ஓட்டுவேன்" என்று முடித்துவிட்டாள். மலைப்பாதை வளைவில் விங் பிய்ந்துகொண்டு போனால் பின்சக்கரம் பிடி விட்டுவிடும். அந்தப் பக்கம் பள்ளம். அதை மாட்டிக் கொடுக்க வேண்டியவன் நான். ஐந்து நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

எல்லாம் அந்த டிக்கி மூடியால் வந்த வினை. கொழும்பில் யாரோ பிரித்துப் போட்ட பந்தயக் காரிலிருந்து வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் ஹட்டனுக்குக் கொண்டுவந்தாய். இது என்ன டிவியா என்று பெட்டியில் எல்லோரும் கேட்டார்களாம். ஸ்டேஷனில் இறங்கியதும் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாய். காபன் ஃபைபர் என்றால் அவ்வளவு எடைதான். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விங் வந்த பிறகுதான் தலைவலி. அந்த மூடி அப்பளம் மாதிரி. நான்கு ஓட்டை போட்டு விங்கின் கால்களை முறுக்கினால் அந்த இடம் தாங்காது. நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம்? லயத்துக் கூரைக்குத் தகரம் அடிப்பது போல அடித்தோம். ஆடி மாதக் காற்றில் தகரம் பறந்து, நனைந்த பாயோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் நாம். எதை மாட்டினாலும், காற்று மேலே தூக்கிவிடக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றும். கூரைக்குப் போடுகிற அதே ரப்பர் வாசர், அதே முறுக்கு. "காத்து தூக்காம புடிச்சா போதும் மச்சான்" என்றாய். நானும் தலையை ஆட்டிக்கொண்டு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். விங்கைக் காற்று தூக்காது, கீழே அமுக்கும் என்று இரண்டு மடையர்களுக்கும் உறைக்கவில்லை.

கொத்மலைப் பக்கம் ஒரு ஓட்டம் போய் வந்து பார்த்தால் விங்கின் பின்னங்கால்கள் மூடிக்குள் அமிழ்ந்திருந்தன. ஓட்டையைச் சுற்றி மெல்லிய கீறல். கொழும்பில் இந்த வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்துப் போனில் கேட்டேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவதை உன்னிடம் சொன்னேன்: மூடிக்கு அடியில், ஒவ்வொரு காலுக்கும் உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தகடு வைக்க வேண்டும்.

நீ சிரித்தாய். எடையைக் குறைக்க வாங்கிய மூடிக்கு எடை கட்டச் சொல்கிறேனாம். கராஜில் நின்ற இரண்டு பேருக்கு முன்னால், "தகரத்தத் தட்டி நிமித்துறவனுக்கு இதெல்லாம் எங்கடா வெளங்கும்?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. காரை எடுத்துக்கொண்டு போடா, இனி இந்தப் பக்கம் வராதே என்றேன். நீயும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் உனக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உன் சாவு வீட்டில் நான் கடைசி வரிசையில் நின்றேன்.

முந்தாநாள் மூடியைக் கழற்றிக் குப்புறப் போட்டேன். உன் தங்கச்சி பக்கத்தில் நின்றாள். அடியில் நான்கு அலுமினியத் தகடுகள் இருந்தன. மூடியின் வளைவுக்குப் பொருந்த வளைத்து, ஓரமெல்லாம் அரம் வைத்துத் தேய்த்திருந்தாய். கேட்டுத் தொலைத்திருக்கிறானே என்று என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பிறகு போல்ட்டில் கை வைத்தேன். ஸ்பானரே தேவைப்படவில்லை, விரலால் திருகவே கழன்று வந்தது. தகட்டைப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடி கொட்டியது. ஓட்டையைச் சுற்றித் தகடு அரித்துப் பிஸ்கட் போல உதிர்ந்தது.

உன் தங்கச்சிக்கு முகம் சின்னதாகிவிட்டது. "அண்ணன் தப்பா மாட்டிட்டாங்களா?"

"இல்லம்மா. நான் பாதிதான் சொன்னேன்."

அதுதான் இரண்டாவது விஷயம். காபனும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் ஊறவைத்து ஒட்ட வேண்டும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? கோபத்தில் அதைச் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் இருந்தது. ஒரு போன் போதும். நீ முதலில் வரட்டும் என்று இருந்தேன்.

புதுத் தகடு வெட்டி, இழை ஒட்டி, இன்றைக்கு மாட்டிவிட்டேன். நான் விங் மேலேயே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன், மூடி அசையவில்லை. அவள் தைரியமாக ஓட்டலாம்.

எனக்குத்தான் போக்கிடம் இல்லை. உன் நினைவு வரும்போதெல்லாம், சொன்னால் கேட்காதவன், திமிர் பிடித்தவன் என்று உன்னைத் திட்டித்தான் இத்தனை நாள் சமாளித்தேன். நீ கேட்டிருக்கிறாய், மச்சான். நான் சொன்ன அளவுக்குக் கேட்டிருக்கிறாய். இனி நான் எதைச் சொல்லி உன்னைத் திட்டுவது?